வசியம்

வசியம் (பெயர்ச்சொல்): பிறரைத் தன் விருப்பத்துக்கு இணங்கச் செய்தல், அதற்கான ஆற்றல். வடமொழி 'வச்ய' என்பதிலிருந்து வந்தது. வேரான 'வச்' விரும்புதல், ஆணையிடுதல் ஆகிய இரண்டையும் குறிக்கும். வசம், வசப்படு, வசீகரம் ஆகியவை இதன் உறவுகள். பரவசமும் அப்படியே: அது முதலில் பிறர் பிடியில் இருப்பதைக் குறித்தது, இன்று மெய்மறந்த மகிழ்ச்சி.

மிரட்டலுக்குப் பணிபவருக்குத் தாம் பணிவது தெரியும். வசியப்பட்டவரோ தம் விருப்பப்படியே நடப்பதாக நம்புவார். இந்த வலிமையை அரசியல் நன்கு அறிந்திருந்தது. அர்த்தசாஸ்திரத்தின் 11ஆம் அதிகரணம், சங்கங்கள் எனப்பட்ட குழு ஆட்சிகளின் தலைவர்களை அழகிய பெண்களால் மயக்கி, ஒருவரோடொருவர் மோதவிடும் உத்தியைச் சொல்கிறது. யோகமோ இதே வேரை உள்முகமாகத் திருப்பியது: பதஞ்சலியின் யோகசூத்திரத்தில் 'வசீகாரம்' என்பது ஆசையைத் தன்வசப்படுத்திய பற்றற்ற நிலை.

தமிழ் வழக்கில் மாந்திரீகத்தின் எட்டுக் கருமங்களுள் ஒன்று வசியம். திருமணப் பொருத்தங்களிலும் ஒன்று. பேச்சில் பெரும்பாலும் பழிச்சொல்தான். "என்ன வசியம் வச்சாளோ, அவ பேச்சைத் தட்ட மாட்டேங்கிறான்" என்று மாமியார் புலம்பும்போது, மகனின் சொந்த விருப்பம் கணக்கில் வராமலே போகிறது.