“எதுல சார் குறைஞ்சேன்?”



பல ஆண்டுகளுக்கு முன், பொத்தேரிப் பக்கம் ஒரு பேச்சுப்போட்டிக்கு நடுவராகப் போனேன். பரிசு கிடைக்காத மாணவி ஒருத்தி கேட்ட கேள்விதான் மேலே இருப்பது. நான் மொத்த மதிப்பெண் மட்டுமே போட்டிருந்தேன். பதில் சொல்ல முடியவில்லை.

இதே சிக்கல் ஒலிம்பிக்கிலும் இருந்தது. 2002 சால்ட் லேக் சிட்டி ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ரஷ்ய ஜோடிக்குத் தங்கம், கனடா ஜோடிக்கு வெள்ளி. பிரெஞ்சு நடுவர், தனக்கு நெருக்கடி இருந்ததாகச் சொல்லிப் பிறகு மறுத்தார். பெரிய ரகளை, கடைசியில் இரு ஜோடிக்கும் தங்கம். ஆறுக்கு இத்தனை என்று போடும் பழைய முறையை 2004-இல் விட்டு, ஒவ்வொரு தாவலுக்கும் தனி மதிப்பு வைத்தார்கள். ஆனால் எந்த மதிப்பெண் எந்த நடுவர் போட்டது என்பதை மறைத்தார்கள். அதை வெளிப்படையாக்க 2016 ஆனது.

ஜிம்னாஸ்டிக்ஸும் 2006-இல் பத்துக்குப் பத்தைக் கைவிட்டது. 2016 ரியோவில் நம் தீபா கர்மாகருக்கு வெண்கலம் 0.150 புள்ளியில் தவறியது. ஆனாலும் புரொடுனோவா தாவலின் கடினத்துக்கு 7.000, நேர்த்திக்கு 8.266 என்று கணக்கு தெளிவாக இருந்தது.

அந்தப் போட்டிக்குப் பிறகு கருத்து, உச்சரிப்பு, நேரம் என்று பிரித்துப் போட்டு, கீழே கையெழுத்தும் வைத்தேன். அந்தப் பிள்ளை இதைப் படித்தால், மன்னித்துக்கொள்ளம்மா.