வரகனேரியும் ஒரு ப்ரௌனிங்கும்

போன வாரம் காந்தி மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கப் போனவன், பக்கத்தில் வரகனேரியில் இருக்கும் வ.வே.சு. ஐயர் நினைவில்லத்தையும் பார்த்துவிட்டு ஸ்ரீரங்கம் திரும்பினேன். பஸ்ஸில் வரும்போது பள்ளிக்கூட ஞாபகம் ஒன்று வந்தது.

காரைக்காலில் நான் படித்தது பிரெஞ்சு வழியில். பாடத்தில் வந்த ஒரு கதையில் 'ப்ரௌனிங்' என்ற சொல் இருந்தது. யாரோ ஒருவருடைய பெயர் என்று நினைத்தேன். ஆசிரியர் சிரித்துவிட்டு, "கைத்துப்பாக்கியடா" என்றார். ஜான் ப்ரௌனிங் என்ற அமெரிக்கர் வடிவமைத்தது, பெல்ஜியத்தில் தயாரானது. நாம் எந்த நகலையும் ஜெராக்ஸ் என்பதுபோல, பிரெஞ்சுக்காரர்கள் அவ்வகைக் கைத்துப்பாக்கிக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள்.

ரிவால்வரில் தோட்டா வைக்கும் உருளை நடுவில் புடைத்து நிற்கும். சட்டைக்குள் வைத்தால் பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிடும். 1900-இல் வந்த ப்ரௌனிங்கோ தட்டை. ஏழு தோட்டா கொள்ளும். எடை அரைக் கிலோவுக்குச் சற்று மேல். நீளம் ஒரு சாணுக்கும் குறைவு. கோட்டு போட்ட ஒருவர் அதை வைத்துக்கொண்டு கூட்டத்தில் சாதாரணமாக நடக்கலாம். அந்தக் காலத்துப் புரட்சிக்காரர்கள் அதைத் தேடியதற்குக் காரணம் இதுதான். லண்டனிலிருந்து சாவர்க்கர், பெட்டியின் கள்ள அடித்தட்டில் மறைத்து இருபது ப்ரௌனிங்குகளை இந்தியாவுக்கு அனுப்பினார். அவற்றில் ஒன்றால்தான் 1909 டிசம்பரில் நாசிக் கலெக்டர் ஜாக்சன் சுடப்பட்டார்.

மறைக்க வேண்டிய அவசியம் எதனால் வந்தது? 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தால். லைசென்ஸ் இல்லாமல் இந்தியன் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. வெள்ளைக்காரருக்கு மட்டும் விலக்கு. குடகு நாட்டார் போன்ற ஒரு சிலருக்கும் உண்டு. ஆனால் அந்தச் சட்டம் பிரெஞ்சு எல்லையோடு நின்றுவிடும். புதுச்சேரிக்குள் பிரிட்டிஷ் போலீஸ் வேவு பார்க்கலாமே தவிர, கைது செய்ய முடியாது.

அங்கேதான் 1910-இல் நம் வரகனேரிக்காரர் வந்து சேர்ந்தார். 1881-இல் பிறந்து, செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்து, பாரிஸ்டர் ஆக லண்டன் போனவர். அங்கே சாவர்க்கரின் தோழரானார். தப்பி வரும்போது பெட்டியில் இருந்த வி.வி.எஸ். எழுத்துகளைக் கண்டு சந்தேகப்பட்ட ஒற்றனிடம், "என் பெயர் வீர விக்ரம் சிங்" என்று சொல்லிச் சமாளித்தாராம். புனலூரில் காட்டிலாகா வேலையில் இருந்த செங்கோட்டை வாஞ்சிநாதன் புதுச்சேரிக்கு வந்து இவரிடம்தான் சுடப் பழகினார் என்று நூல்கள் சொல்கின்றன.

1911 ஜூன் 17. மணியாச்சி ஜங்ஷன். திருநெல்வேலி கலெக்டர் ஆஷ், கொடைக்கானலுக்குப் போக மனைவியோடு முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலுக்காகக் காத்திருந்தார்கள். நம் திருச்சி வழியாகச் சென்னை போகும் அதே வண்டி. கோட்டும் வேட்டியும் அணிந்த ஓர் இளைஞர் பெட்டிக்குள் ஏறியபோது யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆபீஸ் குமாஸ்தா மாதிரிதானே இருந்தார்! ஆஷைச் சுட்டுவிட்டு, கழிப்பறைக்குள் ஓடித் தன்னையும் சுட்டுக்கொண்டார். வயது இருபத்தைந்து. துப்பாக்கி, பெல்ஜியம் ப்ரௌனிங்.

சட்டைப் பையில் இருந்த கடிதத்தில் தேச விடுதலையும் இருந்தது, சனாதன தர்மமும் இருந்தது. அதை வைத்து இன்றும் வாதம் நடக்கிறது. எனக்குத் தோன்றுவது வேறு. ஒரே நாளில் இரண்டு பெண்கள் விதவையானார்கள். பெட்டியில் கூடவே இருந்த மேரி ஆஷ் ஒருத்தி; ஒன்றும் அறியாமல் ஊரில் இருந்த பொன்னம்மாள் இன்னொருத்தி.

நான் வேலையில் இருந்தபோது சில வருடம் துப்பாக்கி லைசென்ஸ் கோப்புகளைப் பார்த்தேன். ரிவால்வர் லைசென்ஸ் புதுப்பிக்க ஒரு மிராசுதார் வருவார். ஒரு முறை, "இதைக் கட்டிக்கொண்டு நிம்மதியாக இருக்க முடிகிறதா ஐயா?" என்று கேட்டேன். "எங்கே தம்பி! கல்யாணப் பந்தியில் சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை. யார் தோளில் கை போட்டாலும் பதறுகிறது. என் கை வேறு அடிக்கடி இடுப்புக்கே போகிறது" என்றார். அடுத்த வருடம் புதுப்பிக்க வரவில்லை, துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டார்.

லைசென்ஸ் உள்ளவருக்கே அந்தப் பாடு. லைசென்ஸும் இல்லாமல், யாரிடமும் சொல்லவும் முடியாமல், ரயிலிலும் சத்திரத்திலும் அதைச் சுமந்த இளைஞனுக்கு எப்படி இருந்திருக்கும்? உடுப்பு மறைத்துவிடும்; மனசு மறைக்காது.

ஐயர் பிற்பாடு காந்தி வழிக்கு வந்தார். 1920-இல் பொது மன்னிப்புக்குப் பிறகு தமிழ்நாடு திரும்பினார், 'தேசபக்தன்' நடத்தினார், பெல்லாரி சிறையில் இருந்தபடி கம்பராமாயணம் பற்றி ஆங்கிலத்தில் ஆய்வு நூல் எழுதினார். சேரன்மாதேவி குருகுலத்தில் தனிப்பந்தி விவகாரம் அவர் பெயருக்கு வடுவானதையும் சொல்லத்தான் வேண்டும். 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் தவறி விழுந்த மகள் சுபத்திராவைக் காப்பாற்றக் குதித்து உயிரை விட்டார்.

துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்த கை, கடைசியில் நீட்டியது ஒரு குழந்தையைப் பிடிக்க. வரகனேரிப் பக்கம் போனால் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.