வாடகைச் சீட்டுக்குப் பின்னால் ஒரு வரலாறு

லாச்சப்பலில் இரண்டு தமிழர் சந்தித்தால் முதலில் ஊரை விசாரிப்பினம். அடுத்ததாக வீட்டை விசாரிப்பினம். "எத்தனை மீற்றர், எவ்வளவு வாடகை?" என்பது நாற்பது வருசமாக எங்கட சனத்தின் வாயில் இருக்கிற கேள்வி. ஆனால், பத்துப் பதினைந்து வருசம் இருந்த வீட்டுக்குத் திடீரென்று வாடகையைக் கூட்டிக் கடிதம் வந்தால் என்ன செய்வது என்று கேட்டால் கனபேருக்குப் பதில் தெரியாது. "அவையின்ர வீடு, கேட்டால் குடுக்கத்தானே வேணும்" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தவர்கள் எங்களுக்குள் நிறையப்பேர். அப்படிக் குடுக்கத் தேவையில்லை என்பதை நாங்கள் குடியிருக்கும் இந்த நகரத்தின் வரலாறே சொல்கிறது. புத்தாண்டு பிறக்கும் இவ்வேளையில் அதைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

சித்திரைத் தவணை

லாச்சப்பல் முன்பு பாரிசுக்கு வெளியே இருந்த தனிக் கிராமம். 1860இல்தான் நகரத்தோடு சேர்க்கப்பட்டது. அக்காலத்தில் வாடகை பொதுவாக மூன்று மாதத்துக்கொரு தவணையாகக் கட்டப்பட்டது: தை, சித்திரை, ஆடி, ஐப்பசி. 1870இல் புருசியப் படைகள் பாரிசை முற்றுகையிட்டபோது தொழில் நின்றது. வாடகை கட்ட வழியில்லை. 1871 பங்குனி 18இல் எங்கள் அயலான மொன்மார்த்தில் கிளர்ச்சி வெடித்தது. அதிலிருந்து பிறந்த பாரிஸ் கொம்யூன், பங்குனி 29இல், ஐப்பசி, தை, சித்திரை ஆகிய மூன்று தவணைகளின் வாடகையையும் தள்ளுபடி செய்தது. வைகாசி மாதத்தில் கொம்யூன் இரத்தத்தில் மூழ்கடிக்கப்பட்டது. ஆனால் வாடகை என்பது சொந்தக்காரர் மட்டும் தீர்மானிக்கும் விடயமல்ல என்ற எண்ணம் மடியவில்லை.

அதன்பின் 1911, 1912ஆம் ஆண்டுகளில் ஜோர்ஜ் கொஷோன் என்ற தொழிலாளி வாடகைக் குடியிருப்பாளர் சங்கத்தை முன்னின்று நடத்தினார். வாடகை பாக்கி என்றால் சொந்தக்காரர் தளபாடங்களைப் பறிக்கலாம் என்பதால், ஏழைகள் இரவோடிரவாகச் சாமான்களுடன் ஓடுவது அந்நாள் வழக்கம். கொஷோனின் ஆட்களோ பட்டப்பகலில், சட்டி பானைகளைத் தட்டி ஊரைக் கூட்டி, குடும்பங்களை வெளியே கொண்டுவந்தார்கள். ஒளித்து ஓடின சனம் வெளிச்சத்துக்கு வந்தது அப்போதுதான்.

சட்டங்கள் வந்த வழி

1914இல் போர் தொடங்கியதும் வாடகை அறவிடுதல் தள்ளிவைக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் 1948 புரட்டாதி 1ஆம் திகதிச் சட்டம் பழைய கட்டிடங்களின் வாடகையைக் கட்டுக்குள் வைத்தது. 1954 மாசி 1இல், கொடுங்குளிரில் வீடற்றோருக்காக அபே பியேர் வானொலியில் விடுத்த அழைப்பு நாட்டையே உலுக்கியது. 1956 மார்கழியில் குளிர்கால வெளியேற்றத் தடை சட்டமானது. இப்போது அது கார்த்திகை 1 முதல் பங்குனி 31 வரை. அதாவது எங்கட புத்தாண்டுக்கு இரண்டு கிழமை முன்னம் அந்தக் காப்பு முடிந்துவிடும். அது வெளியேற்றத்தைத்தான் தடுக்கும். வாடகைக் கடனை அழிக்காது.

இலங்கையிலும் 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் இருந்ததை மூத்தவர்கள் அறிவார்கள். ஆகவே இது எங்களுக்கு முற்றிலும் புதிய விடயமல்ல.

1983க்குப் பின் நாங்கள் வந்திறங்கிய காலம் சட்டங்கள் மாறிக்கொண்டிருந்த காலம். 1982இல் கில்லியோ சட்டம் வீட்டுரிமையை அடிப்படை உரிமை என்றது. 1986இல் மெயெஞ்னெரி சட்டம் வாடகையை அவிழ்த்துவிட்டது. பாரிசில் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது வாடகை எகிறியது. அதைத் தடுக்க வந்ததே 1989 ஆடி 6ஆம் திகதிச் சட்டம். இன்றும் எங்கட வீட்டு ஒப்பந்தங்களுக்கு அடித்தளம் அதுதான். அது வாடகைக்கு இருப்பவரின் நாட்டுரிமையைக் கேட்பதில்லை.

கடிதம் வந்தால்

அச்சட்டப்படி, ஒப்பந்தம் நடக்கிற காலத்தில் வாடகை கூடுவது வருசத்துக்கு ஒருமுறை, அரசு வெளியிடும் சுட்டெண்ணின்படி மட்டுமே. அதுவும் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான். வெறும் வீட்டுக்குப் போட்ட மூன்று வருச ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். யாரும் முறைப்படி முடிக்காவிட்டால் அது தானாகவே தொடரும்.

அதற்கு மேல் கூட்டவேண்டுமென்றால், வாடகை வெளிப்படையாகக் குறைவு என்று சொந்தக்காரர் காட்டவேண்டும். ஒப்பந்தம் முடிய ஆறு மாதத்துக்கு முன்னமே அறிவிக்கவேண்டும். நீங்கள் மறுத்தால் இணக்கசபைக்குப் போகலாம், அதற்குக் காசில்லை. அங்கும் இணங்காமல், ஒப்பந்தம் முடியுமுன் நீதிமன்றத்துக்கும் போகாவிட்டால், பழைய வாடகையே தொடரும். ஏற்றம் அனுமதிக்கப்பட்டு அது 10 வீதத்துக்கு மேற்பட்டால் ஆறு வருசத்துக்குப் பிரித்துத்தான் கட்டவேண்டும். பாரிசில் வாடகைக்கு உச்சவரம்பும் 2015இல் வந்தது. 2017இல் நீதிமன்றம் அதை நீக்கியது. 2019 ஆடி 1இல் மறுபடி வந்தது. 2022இல் வந்த சட்டம் அதை 2026 கார்த்திகை வரை நீட்டியது.

ஒன்றை மறக்கக்கூடாது: சொந்தக்காரரின் எழுத்துச் சம்மதமில்லாமல் உள்வாடகைக்கு இருப்பவர் இந்த உரிமைகளைச் சொந்தக்காரரிடம் கேட்கமுடியாது. எங்கட ஆட்கள் பலர் அகப்பட்டது இந்த இடத்தில்தான்.

கடைக்காரருக்கு ஒரு சொல்

பூபூர் சன்-தெனியிலும் ரூ கைய்லிலும் கடை வைத்திருப்போருக்குச் சட்டம் வேறு. 1953இல் ஒழுங்கான வணிக ஒப்பந்தம் பொதுவாக ஒன்பது வருசம். புதுப்பிக்கும்போது வாடகை ஏற்றத்துக்குப் பெரும்பாலும் வரம்புண்டு. ஆனால் ஒன்பது முடிந்தும் இருபகுதியும் பேசாமலிருந்து பன்னிரண்டு வருசம் தாண்டினால் அந்த வரம்பு போய்விடும். வாடகை சந்தை விலைக்கு ஏறலாம். வீட்டுக்காரருக்குக் கையெழுத்து வைக்காமலிருப்பது காப்பு. கடைக்காரருக்குச் சும்மா இருப்பதே ஆபத்து. ஒன்பதாம் வருசம் வந்தவுடன் புதுப்பிக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கோ.

ஆகவே உறவுகளே, ஒப்பந்தத்தையும் வாடகைப் பற்றுச்சீட்டுகளையும் பத்திரமாக வையுங்கோ. பழைய வாடகையைத் தவறாமல் கட்டுங்கோ; கட்டாமல் விட்டால் நியாயம் உங்கட பக்கம் இருந்தும் தோற்றுவிடுவியள். விளங்காத கடிதத்தில் கையெழுத்து வைக்காதேங்கோ. பாரிஸ் அடில் நிலையத்தில் இலவசமாக ஆலோசனை சொல்வார்கள். பிரெஞ்சு தெரிந்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கோ. மறுமொழியைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கோ.

இந்த உரிமைகளை எங்களுக்கு முன்னம் இதே தெருக்களில் வாடகை கட்டமுடியாமல் தவித்த சனம் போராடி வாங்கி வைத்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துவதே நாங்கள் அவர்களுக்குச் செய்யும் மரியாதை. அனைவருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துகள்.