சிதறிய ஏடுகளில் ஒரே நோயாளி: விருதுநகர் வட்டாரத்தில் நாட்பட்ட நோய்ப் பதிவுகள்

நாட்பட்ட நோயாளி ஒருவர் பல ஆண்டுகளில் பல வாசல்களை மிதித்து மருந்து வாங்குவதால், அவரது நோயின் போக்கை ஒரு மருத்துவமனையின் ஏட்டைக் கொண்டு மட்டும் அறிய இயலாது. வெவ்வேறு ஏடுகளிலுள்ள குறிப்புகள் ஒரே மனிதருடையவை என்று கண்டு சேர்க்கும் முறை ‘பதிவு இணைப்பு’ எனப்படும். பிறப்பு முதல் இறப்பு வரையிலான பதிவுகள் ஒரே புத்தகத்தின் பக்கங்களாக அமைய வேண்டும் என்ற கருத்தை அமெரிக்கரான ஹால்பர்ட் டன் 1946இல் முன்வைத்தார்.

தமிழகத்தில் இம்முறையை முதலில் நெடுங்காலம் கடைப்பிடித்தது சென்னைப் புற்றுநோய்ப் பதிவேடே எனலாம். 1980களின் தொடக்கத்தில் அடையாறு புற்றுநோய் நிலையத்தில் தோன்றிய இப்பதிவேட்டின் பணியாளர்கள் மருத்துவமனைகளுக்கு நேரில் சென்று விவரம் திரட்டி, அதனை இறப்புப் பதிவுகளோடு ஒப்பிட்டனர். நோயாளி எத்தனை ஆண்டு வாழ்ந்தார் என்ற கேள்விக்கு அந்த ஒப்பீடே விடை தந்தது.

சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் அத்தகைய ஏடு வெகுகாலம் அமையவில்லை. உலக வங்கி உதவியுடன் 2005இல் தொடங்கிய தமிழ்நாடு சுகாதாரத் திட்டம், இரத்த அழுத்தத்தைக் கண்டறியும் முன்னோடிப் பணியை 2007இல் விருதுநகர், சிவகங்கை மாவட்டங்களில் மேற்கொண்டது. பின்னர் அது மாநிலமெங்கும் விரிந்தது. ஆயினும் 2020ஆம் ஆண்டின் மாநில அளவிலான ஆய்வு, வயதுவந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 34 பேருக்கு இரத்த அழுத்தம் இருப்பதையும், அவர்களுள் சுமார் 7 விழுக்காட்டினருக்கே அது கட்டுக்குள் இருப்பதையும் காட்டியது. மருத்துவமனைக்கு வந்தவரை மட்டும் எண்ணிய ஏடுகள், வராமல் நின்றுபோனவரைக் காட்டவில்லை என்பதே இதன் பொருள். 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டு வாசலிலேயே அழுத்தம் பார்த்து, மருந்து கொடுத்து, அதைச் செயலியில் பதிந்தபோதுதான் இவ்விடைவெளி ஓரளவு குறையத் தொடங்கியது.

பதிவு இணைப்பின் உண்மையான கடினம் விருதுநகர் மாவட்டத்துக் குமாரலிங்கபுரம் போன்ற மானாவாரி ஊர்களிலேயே புலப்படும். குலதெய்வத்தின் பெயரை வழிவழியாக இடும் வழக்கத்தால் ஒரே தெருவில் கருப்பசாமிகளும் மாரியம்மாள்களும் பலர் இருப்பர். தலைப்பெழுத்து ஓர் ஏட்டில் பெயருக்கு முன்னும் மற்றொன்றில் பின்னும் நிற்கும். திருமணமான பெண்ணுக்குத் தந்தையின் எழுத்து கணவரின் எழுத்தாக மாறும். வயதோ ‘அறுபது இருக்கும்’ என்ற அளவில் எழுதப்படும். கைப்பேசி எண் பெரும்பாலும் மகனுடையது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஓ.பி. சீட்டு, நூற்பாலையில் வேலை செய்த காலத்து ஈ.எஸ்.ஐ. அட்டை, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டக் கோப்பு ஆகிய மூன்றிலும் ஒரே பெண்மணி மூவராகத் தோன்றுவது இதனாலேயே. பெயரை மட்டும் நம்பி இணைத்தால் ஒருவரின் சர்க்கரை அளவு மற்றொருவர் கணக்கில் ஏறும் என்பதால், பெயர், வயது, ஊர், குடும்ப அட்டை ஆகியவற்றைச் சேர்த்து எடைபோடுவதே தக்க வழி.

நடுவண் அரசு 2021இல் நாடெங்கும் விரித்த 14 இலக்கச் சுகாதார எண் இச்சிக்கலைத் தணிக்கக்கூடும். எனினும் அதைக் கொண்டு பதிவுகளை இணைப்பதற்கான நோயாளியின் ஒப்புதலை வெறும் கைநாட்டாகக் கருதாமல், எதற்காகக் கேட்கிறோம் என்பதை அவர் மொழியில் சொல்லிப் பெறுவது ஆய்வாளரின் கடமையாகும். அந்த எண்ணும் பதியப்படும் இடங்களை மட்டுமே இணைக்கும். அருப்புக்கோட்டைக் கடைத்தெருவில் பழைய மாத்திரை அட்டையைக் காட்டி வாங்கப்படும் சுகர் மாத்திரை இந்த ஏடுகள் எவற்றிலும் ஏறுவதில்லை.