பிளேக் மாரியம்மனும் கோயமுத்தூர் ஜனத்தொகையும்

கோயமுத்தூரில் 'பிளேக் மாரியம்மன்' என்னும் திருநாமத்தோடு கோயில்கள் விளங்குவதைக் காணும் வெளியூரார் வியப்பெய்துவர். ஆனால், 1901-ஆம் ஆண்டில் சுமார் 53,000 ஆக இருந்த நகரத்து ஜனத்தொகை, 1911-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 47,000 ஆகச் சுருங்கி நின்றதை அறிந்தோர்க்கு அந்நாமம் விந்தையாகத் தோன்றாது. எலிகளால் பரவும் அந்தக் கொள்ளைநோய் ஆட்டிப்படைத்த அக்காலத்தில், மோட்டிலிருந்து எலியொன்று செத்து விழுந்தால் போதும். தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியிலேற்றிக்கொண்டு, ஊருக்குப் புறம்பேயுள்ள தோட்டங்காடுகளில் ஓலைச்சாளை போட்டுக் குடும்பத்தோடு குடியேறிவிடுவார்கள் ஜனங்கள். ஆகையால், குறைந்துபோன அந்த 6,000 பேரில் மாண்டவர் எத்தனை, வெளியேறினவர் எத்தனை என்பதைக் கணக்குப் புத்தகத்தின் ஒற்றை எண் பிரித்துச் சொல்வதில்லை; குறைவெல்லாம் மரணமே என்று கொள்வது அவசரப் புத்தி என்பேன்.

நெருக்கமான பழைய பேட்டைகளுக்கு அப்பால் விசாலமான வீதிகளோடு இரத்தினசபாபதிபுரம் எழுந்தது பிளேக் தந்த படிப்பினையால்தான். சுருங்கிய நகரத்தை மீண்டும் பெருகச் செய்தவையோ ஆலைகள். 1888-இல் ஸ்டேன்ஸ் துரை தொடங்கிய நூற்பாலைக்குத் துணையாகப் பல ஆலைகள் தோன்றியிருந்தபோதிலும், 1932-இல் பைக்காரா நீர்மின்சாரம் பிறந்த பிறகே அவை பல்கிப் பெருகின. வானம் பொய்த்த கிராமங்களிலிருந்தும், பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பாலிருந்தும் ஆட்கள் வந்து குவிய, 1951-இல் ஜனத்தொகை 1,97,000-ஐத் தாண்டிற்று. நாற்பதே ஆண்டுகளில் ஒரு நகரம் நான்கு மடங்காவது வெறும் பிரசவங்களால் ஆகிற காரியமன்று.

இக்காலத்திலோ கொங்குக் குடும்பங்களில் ஒன்றிரண்டு குழந்தைகளோடு நிறுத்திக்கொள்வதே வழக்கமாகிவிட்டபடியால், அண்டையிலுள்ள திருப்பூர்ப் பனியன் கம்பெனிகள் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ரயிலேறி வருவோரை வெகுவாக நம்பி நடக்கின்றன.