தனித் தட்டு வைத்த வீடுகள்

தனித் தட்டு, தனித் தம்ளர் என்றால் என்னவென்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. டீக்கடை இரட்டைக் குவளையிலேயே அதைப் படித்துவிட்டோம். எச்.ஐ.வி. வந்தபோது அதே தட்டும் தம்ளரும் வீட்டுக்குள் வந்தன. தொட்டால் ஒட்டாத நோய்க்கும் தீண்டாமை வந்தது. எப்படி வந்தது?

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில், பாலியல் தொழிலாளிகளின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். ஆறு பேருக்குத் தொற்று உறுதியானது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது அப்போதுதான்.

அரசு என்ன செய்தது? மயிலாப்பூர் காப்பகத்தில் இருந்த பெண்களின் ரத்தத்தைச் சம்மதம் கேட்காமல் சோதித்தது. தொற்று இருந்தவர்களைத் தண்டனைக் காலம் முடிந்தும் வெளியே விடவில்லை. பத்திரிகையாளர் சியாமளா நட்ராஜ் உயர்நீதிமன்றம் போனார். 1990இல்தான் அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. அதற்குள் 'நோயைப் பரப்புகிறவள்' என்ற முத்திரை ஊர் முழுக்கப் பதிந்துவிட்டது.

அந்த முத்திரை பொய் என்பதைத் தியாகராய நகரில் பார்க்க முடிந்தது. சுனிதி சாலமன் 1993இல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் மருத்துவமனைக்கு வந்த தொற்றுள்ள பெண்களில் பெரும்பாலானோர் இல்லத்தரசிகள். கணவரைத் தவிர வேறு உறவு இல்லாதவர்கள். 2000இல் வெளியான ஆய்வு இதைச் சொன்னது. கணவனுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் போதாது. மனைவி, பிள்ளை, மாமியார் என எல்லோரையும் உட்காரவைத்துப் பேச வேண்டும் என்பதை அந்தப் பெண்களின் வாழ்க்கையே காட்டியது. கணவன் இறந்ததும் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பெண்களுக்கு மாத்திரையோடு கூரையும் தேவைப்பட்டது. 1998இல் தொற்றுள்ள பெண்களே சென்னையில் தங்களுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அரசின் இலவசக் கூட்டு மருந்து வந்தது 2004இல்தான். தமிழ்நாட்டில் அது தாம்பரத்தில் தொடங்கியது.

2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம், பெண்களையும் பதினெட்டு வயது நிரம்பாதவர்களையும் தொற்றைக் காட்டிக் குடும்ப வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. சம்மதம் இல்லாமல் சோதிக்கவும் கூடாது. மயிலாப்பூரில் அடைபட்டுக் கிடந்தவர்களுக்கு மறுக்கப்பட்டது இன்று சட்டத்தின் எழுத்தில் இருக்கிறது.

களத்துக்குப் போகும் தம்பி, தங்கைகளே, 'யாரிடமிருந்து வந்தது?' என்று எந்த வீட்டிலும் கேட்காதீர்கள். 'வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள், சாப்பிட்டீர்களா?' என்று கேளுங்கள். அவர்கள் தம்ளரிலேயே தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். மற்றதை அதற்குப் பிறகு பேசலாம்.