நிலைமின்னும் இல்லத்து ஒலிக்கருவிகளும்

இணுவில் என்றவுடன் யாழ்ப்பாணத்தார் நினைவில் முதற்கண் எழுவன நாதசுரமும் தவிலுமே. காங்கேசன்துறை வீதியில், கொக்குவிலுக்கும் மருதனார்மடத்துக்கும் இடையே, செம்மண் தோட்டங்கள் சூழ அமைந்த இவ்வூரின் கோயில்கள் பல தலைமுறைக் கலைஞரைப் பேணி வளர்த்தன. 1933 இல் இங்கே பிறந்து 1975 இல் மறைந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் வாசிப்பை இன்றைய இளைஞர் நேரிற் கேட்டாரல்லர். ஒலிநாடாக்களும் அவற்றிலிருந்து எடுத்த படிகளுமே அதனை அவர்க்கு உணர்த்துகின்றன. ஆதலின் வீட்டிலுள்ள ஒலிக்கருவி ஒன்று பழுதாதல் இவ்வூரார்க்குப் பொருள் நட்டம் மாத்திரமன்று. அக்கருவிக்கு நேரும் கேடுகளுள் நிலைமின்னால் வருவதே மிகக் குறைவாக உணரப்பட்டது எனலாம்.

இரு பொருள்கள் ஒன்றோடொன்று உராய்ந்து பிரியும்போது ஒன்றில் மின்னேற்றம் மிகுந்தும் மற்றொன்றிற் குறைந்தும் நிற்கும். அம்பர் என்னும் மரப்பிசின் கல்லைத் தேய்த்தால் அது துரும்பை ஈர்க்கும் என்பதைப் பண்டைக் கிரேக்கர் அறிந்திருந்தனர். 1600 இல் ஆங்கில மருத்துவர் கில்பேட்டு, கண்ணாடி கந்தகம் முதலிய பல பொருள்களும் அவ்வாறே ஈர்க்கும் எனக் காட்டினார். 1746 இல் மின்னேற்றத்தைச் சேமிக்கும் இலெய்டன் சாடியைக் கொண்டு நொலே என்னும் பிரெஞ்சு அறிஞர், கைகோத்து நின்ற 180 அரச காவலரை ஒரே கணத்தில் துள்ளச் செய்தார். மன்னனுக்கு அது வேடிக்கையாயிருந்தது, காவலர்க்கு எவ்வாறிருந்ததோ! விரல் நுனியில் தெறிக்கும் பொறியும் வானத்து மின்னலும் ஓரினமே என்னும் பிராங்கிளினின் கருத்து 1752 இற் செய்த சோதனைகளால் உறுதிப்பட்டது.

அக்காலத்தில் அப்பொறியினாற் கெடக்கூடிய ஒலிக்கருவி எதுவும் இருக்கவில்லை. இலங்கையில் 1925 திசம்பர் 16 ஆம் நாள் கொழும்பு வானொலி தொடங்கியபோதும் நிலைமை பெரிதும் மாறவில்லை. அந்நாளைய வானொலிப்பெட்டியின் உறுப்பு வால்வு ஆகும். கண்ணாடிக் குமிழினுள் வெறுமையில் நிற்கும் உலோகத் தகடுகள் இருநூறு முந்நூறு வோல்ற்றிலே தொழிற்படுவன. விரலின் சிறுபொறி அவற்றைத் தீண்டினும் ஊறு செய்வது அரிது. கிராமபோன் பெட்டிக்கோ மின்சாரமே வேண்டாம். சாவி முடுக்கினாற் போதும். அரக்கும் கற்றூளும் கலந்து செய்த அக்காலத்து இசைத்தட்டில் நிலைமின் ஒரு பொருட்டாயிருக்கவில்லை. 1948 இல் வைனைல் தட்டு வந்த பின்னரே தூசியை ஈர்த்துப் பிடிக்கும் தொல்லை பெருகிற்று.

கேடு வந்த வழி வேறு. 1947 இல் திரான்சிற்றர் தோன்றியது. 1954 இல் அதனைக் கொண்ட கையடக்க வானொலி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1959 இல் அங்குள்ள பெல் ஆய்வுகூடத்தில் அட்டல்லா, காங் என்னும் இருவர் புதுவகைத் திரான்சிற்றர் ஒன்றை ஆக்கினர். அதன் வாயிற்றகட்டுக்கும் கீழுள்ள சிலிக்கனுக்கும் இடையே மிக மெல்லிய காவற்படலம் உண்டு. தொடக்ககாலத்தில் அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரிற் பதினாயிரத்தில் ஒரு பங்கு எனக் கொள்ளலாம். அத்தகைய படலம் நூறு வோல்ற்று அளவிலேயே துளைபட்டுவிடும். மனிதரோ தம் விரலிற் பொறி தெறித்ததை உணர்வதற்கு ஏறத்தாழ மூவாயிரம் வோல்ற்று வேண்டும். கண்ணுக்குத் தெரியாமலும் தோலுக்கு உறைக்காமலும் ஒரு கருவியைக் கொன்றுவிட முடியும் என்பது இதிலிருந்து பெறப்படும். சிலபோது படலம் முற்றும் துளைபடாது நலிந்து நிற்கும். கருவி சில திங்கள் ஒழுங்காகப் பாடிப் பின்னர் ஒருநாள் வாய் மூடும். திருத்துவோன் காரணம் அறியான். 1982 இல் வந்த இறுவட்டுக் கருவியின் ஒளிக்கதிர் உறுப்பு இதனினும் மென்மையானது. புதிய உறுப்பின் இரு முனைகளையும் ஈயப்பற்றால் இணைத்தே தொழிற்சாலையார் அனுப்புவதுண்டு. பூட்டி முடித்த பின்னரே அப்பற்றை உருக்கி நீக்கவேண்டும்.

இத்துணை அச்சம் இணுவிலுக்குப் பொருந்துமா என்பதே அடுத்த வினா. பெரிதும் பொருந்தாது என்றே கூறவேண்டும். உலர்ந்த அறையிற் கம்பளத்தின்மேல் நடப்பவர் உடலில் 35,000 வோல்ற்று வரையும் ஏறலாம். ஈரப்பதன் 65 வீதத்துக்கு மேற்பட்டால் அதே நடை 1,500 வோல்ற்றையே தரும் என்பர். கடல் சூழ்ந்த குடாநாட்டில் வாடையாயினும் சோளகமாயினும் காற்று ஈரத்தோடுதான் வருகின்றது. சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு, பருத்தி வேட்டி உடுத்து நடப்பவர் உடலில் மின்னேற்றம் தங்குவதில்லை. மேனாட்டு நூல்களிலுள்ள எச்சரிக்கையை அவ்வாறே பெயர்த்துரைப்பது கோடைக்குக் கம்பளி விற்பது போலாகும்.

இங்கே பகை பெரும்பொறியே. சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகலில் எழும் இடிமுகில் பனைகளைக் கருக்கிச் செல்வதை அறியாதார் யார்? மின்னலின் ஓட்டம் முப்பதினாயிரம் அம்பியர் அளவினது. அது வீட்டின்மேல் விழவேண்டுவதில்லை. அயலில் விழுந்தாலும் நீண்ட கம்பிகளில் மின்னழுத்தத்தைத் தூண்டும். கொழும்பு ஒலிபரப்பைக் கேட்பதற்காக மரத்துக்கு மரம் கட்டிய வான்கம்பியே அதற்கு வழிகாட்டியாயிற்று. இடி முழங்கின் 'அருச்சுனா' என்று கூவுதல் தமிழ் வழக்கு. வானொலிப்பெட்டி உள்ள வீட்டார் கூவுவதோடு நில்லாது கம்பியைக் கழற்றிப் புவியோடு தொடுத்தல் வேண்டியதாயிற்று. மின்வழங்கற் கம்பியும் இன்று அவ்வாறே. சுவரிலுள்ள ஆளியை மூடுதல் போதாது. மின்னல் அச்சிறு இடைவெளியைத் தாண்டவல்லது. செருகியைக் கழற்றுதலே காவல்.

1990 களின் முற்பாதியில் இச்சிக்கலுக்கு இடமே இல்லாமற் போயிற்று. போரினாற் குடாநாட்டில் மின்சாரம் அற்றது, மின்கலமும் தடைப்பொருளாயிற்று. மக்கள் சைக்கிளை நிறுத்தி மிதிகட்டையைச் சுழற்றி, 6 வோல்ற்று டைனமோவினால் வானொலிச் செய்தி கேட்டனர். விரைந்து சுழற்றின் மின்னழுத்தம் ஏறிப் பெட்டி பழுதாகும். மெல்லச் சுழற்றின் குரல் தேயும். கருவியைக் காத்தது சுழற்றியவர் கையின் நிதானமே. 1995 ஒற்றோபர் 30 ஆம் நாள் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, சுமக்க இயலாதவை வீடுகளிலேயே விடப்பட்டன. ஒரு மின்னலும் செய்யாத அழிவு ஒலிநாடாக்களுக்கு அப்போது நேர்ந்தது.

எஞ்சியவற்றுட் பல கடல் கடந்தன. யாழ்ப்பாணத்தார் குடியேறிய ரொறன்ரோவிலும் ஒசுலோவிலும் நிலை தலைகீழ். மாரியில் வெளியே உறைபனி; உள்ளே சூடேற்றிய அறையில் ஈரப்பதன் முப்பது வீதத்துக்கும் கீழே செல்லும். கம்பளத்தில் நைலோன் காலுறையோடு நடந்து ஒலிபெருக்கியின் குமிழைத் தொட்டவுடன் பொறி தெறிக்கின்றது. ஊரில் அறியாத ஒன்றாகலின் பலர் அதனைக் கருவியின் பழுதென மயங்குவர். இக்காலக் கருவிகள் எண்ணாயிரம் வோல்ற்றுப் பொறியையும் தாங்குமாறு சோதிக்கப்படுவது வழக்கமாதலின், வெளிப்பெட்டியைத் தொடுவதால் நேரும் தீங்கு குறைவே. பின்புறத்துத் துளைகளிற் கம்பி செருகும் கணமே இடர் மிக்கது. பொறி அங்கே நேராக உள்ளுறுப்பைச் சென்றடையும்.

பழைய ஒலிநாடாவைக் கணினிக்கு மாற்றும் முயற்சி பல வீடுகளில் நடைபெறும் இக்காலத்தில், அக்கணம் அடிக்கடி வருகின்றது. நிலைமின் பொறி நாடாவிலுள்ள ஒலியை அழிப்பதில்லை. அது காந்தப் பதிவு. அழியக்கூடியது நாடாவை ஓட்டும் பழங்கருவியே. அதற்கு மாற்றுறுப்பு இன்று கிடைப்பது அரிது. ஆதலின் இரு கருவிகளையும் நிறுத்தி வைத்து, நீர்க்குழாய் அல்லது சூடேற்றும் குழாய் போன்ற புவித்தொடுப்புள்ள உலோகத்தை முதலில் தொட்டு, பின்னரே கம்பியைச் செருகுதல் தக்கது. அறையில் நீராவி பரப்பி ஈரப்பதனை நாற்பது வீதத்துக்கு மேல் வைத்தால் பொறி தானே அடங்கும். இணுவிலில் அதே நாடாவை அதே கருவியில் இட்டுக் கேட்பவர்க்கு இவையொன்றும் வேண்டா. அவர் வடகீழ்த்திசையில் முகில் கறுக்கின்றதா என்று பார்த்துக்கொண்டாற் போதும்.